மறுப்பு எந்த இடத்தைத் தொடுகிறது? இருவர் உரையாடல் வினாக்களை அணுகும் முறை

போட்டித் தேர்வுகளின் தருக்கப் பகுதியில் ஒரு வகை வினா உண்டு. இருவர் பேசிக்கொள்கிறார்கள். முதலாமவர் ஒரு கருத்தைக் காரணத்தோடு சொல்கிறார். இரண்டாமவர் இரண்டு மூன்று வரிகளில் அதற்குப் பதில் சொல்கிறார். பிறகு வினா வருகிறது: இரண்டாமவர் முதலாமவரின் வாதத்தை எந்த முறையில் எதிர்கொள்கிறார்? அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் இது நெடுங்காலமாகக் கேட்கப்படும் வினா. நம் நாட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு நடக்கும் கிளாட் தேர்வின் தருக்கப் பகுதியும் ஒரு வாதத்தின் வலுவையும் குறையையும் அளக்கச் சொல்கிறது. எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் வரும் 'கூற்றும் வாதமும்' வினாக்கள் இதற்கு நெருங்கிய உறவு. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலிருந்து இந்தத் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக எழுதப்படும் இந்த அத்தியாயம், இந்த வினாவை ஒரே ஒரு கேள்வியால் திறக்கலாம் என்று வாதிடுகிறது. மறுப்பு எந்த இடத்தைத் தொடுகிறது? அதைக் கண்டுகொண்டால் விடை கைக்கு வரும். காணாமல் விடை விருப்பங்களுக்குள் நுழைந்தால், நான்கு விருப்பங்களும் சரியாகவே தோன்றும்.

ஒரு வாதத்துக்கு மூன்று இடங்கள் உண்டு. பேசுபவர் நம்மை நம்பச் சொல்வது முடிவு. அதற்கு ஆதாரமாக அவர் வைப்பது காரணம். அந்தக் காரணம் இருந்தால் இந்த முடிவு வரும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லாமல் கொள்ளும் நம்பிக்கை இணைப்பு. எதிர்த்துப் பேசுபவர் இம்மூன்றில் எதையும் தொடலாம். முடிவு பொய் என்று நேரே காட்டலாம். காரணமாகச் சொன்ன செய்தி நடக்கவே இல்லை எனலாம். செய்தியை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து அந்த முடிவுக்குப் போக வழியில்லை எனலாம். தேர்வுத் தாளில் மிகுதியாக வருவது மூன்றாவது வகைதான். மாணவர் மிகுதியாகத் தேர்ந்தெடுப்பதோ முதல் வகை. ஒருவர் எதிர்த்துப் பேசினாலே எதிர்முடிவைத்தான் சொல்கிறார் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பழக்கத்தைக் களைந்தாலே இவ்வகை வினாக்களின் பெரும்பகுதி எளிதாகிவிடும்.

பழைய தமிழ் நூல்களில் இதே பாடம்

இந்தப் பாகுபாடு நமக்குப் புதியதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இலக்கணம் கற்பிக்கிறார். நிறுவ வேண்டிய கூற்றைப் பக்கம் என்றும், அதற்கான காரணத்தை ஏது என்றும், காரணமும் கூற்றும் சேர்ந்தே இருப்பதைக் காட்டும் சான்றைத் திட்டாந்தம் என்றும் அந்நூல் பிரிக்கிறது. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை தெரிகிறது என்பது ஏது. புகையும் நெருப்பும் சேர்ந்து காணப்படும் அடுக்களை திட்டாந்தம். குறைகளையும் காதை இந்த மூன்று இடங்களின்படியே வகுக்கிறது: பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி. ஒருவர் வாதம் தவறு என்று சொல்வதோடு நில்லாமல், தவறு எங்கே இருக்கிறது என்று இடம் சுட்ட வேண்டும் என்பதே அந்தப் பாகுபாட்டின் நோக்கம். தேர்வும் உங்களிடம் கேட்பது அதைத்தான்.

பவணந்தி முனிவரின் நன்னூல் இன்னொரு பக்கத்திலிருந்து இதே பொருளுக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த இலக்கண நூலின் பொதுப்பாயிரம், நூல் செய்வோர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளை ஏழாக எண்ணுகிறது. பிறர் கருத்தோடு உடன்படுவது ஒன்று. மறுப்பது ஒன்று. முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது இன்னொன்று. பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டுவது தனியே எண்ணப்படுகிறது. இருவர் மாறுபட்டுச் சொன்னவற்றுள் ஒன்றைத் துணிவதும் தனி. மறுத்தல், ஏற்றுக் களைதல், குற்றம் காட்டல் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டாமல் வேறு வேறாக எண்ணிய நுட்பத்தைக் கவனியுங்கள். குற்றம் காட்டுபவர் எதிர்முடிவைச் சொல்லியாக வேண்டும் என்று அந்த வரிசை கேட்கவில்லை. ஏற்றுக் களைபவர் தொடக்கத்தில் உடன்படுபவர் போலவே பேசுவார். 'நீங்கள் சொல்வது சரிதான், ஆனால்' என்று தொடங்கும் இரண்டாம் பேச்சாளரைக் கண்டு, உடன்பாடு என்று விடை குறித்துவிடும் மாணவருக்கு இந்த ஒரு பாடமே போதுமான எச்சரிக்கை.

பாகூர் மண்ணுக்கு இந்தக் கல்வியோடு தொன்மையான தொடர்பும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தன் 8ஆம் ஆட்சியாண்டில் பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. மரபு எண்ணும் பதினான்கு வித்தைகளில் நியாயம் எனப்படும் தருக்கமும் ஒன்று. ஆயினும் அந்தக் கல்வி அன்று சிலருக்கே எட்டியது. இன்று அரசுப் பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையும் ஒரு தேர்வுத் தாள் வழியாக அதே திறனைக் காட்டி முன்னேற முடியும். இந்தப் பகுதியை மனப்பாடக் குறுக்குவழிகளால் கடக்க முயலாமல் ஊன்றிக் கற்க வேண்டும் என்று இந்நூல் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இணைப்பைத் தொடும் மறுப்பு: கீழூர் வாக்கெடுப்பு

வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலம் வாக்குக்கு விடப்பட்டது. பிரதிநிதிகள் சபையையும் நகரசபைகளையும் சேர்ந்த 178 உறுப்பினர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. இந்த நிகழ்வை வைத்து ஓர் உரையாடலை அமைப்போம். முதலாமவர்: "178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். ஆகவே புதுச்சேரி மக்கள் இணைப்பையே விரும்பினார்கள்." இரண்டாமவர்: "கீழூரில் வாக்களித்தவர்கள் உறுப்பினர்கள். 1949 ஜூனில் சந்திரநாகூரில் நடந்ததுபோல இங்கே மக்களே நேரடியாக வாக்களிக்கவில்லையே."

இரண்டாமவர் என்ன செய்தார்? 170 என்ற எண்ணை அவர் மறுக்கவில்லை. மக்கள் இணைப்பை விரும்பவில்லை என்றும் சொல்லவில்லை. அவரே இணைப்பின் தீவிர ஆதரவாளராக இருக்கலாம். அவர் பேச்சில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. உறுப்பினர் வாக்கு மக்கள் விருப்பத்தைக் காட்டும் என்று முதலாமவர் சொல்லாமல் கொண்ட நம்பிக்கையைத்தான் அவர் தொடுகிறார். மக்கள் நேரே வாக்களித்த சந்திரநாகூரைக் கொண்டுவந்தது, அப்படியும் ஒரு வழி இருந்தது என்று வேறுபாட்டைத் துலக்கிக் காட்டுவதற்காக. எனவே சரியான விடை, 'ஒரு குழுவின் முடிவிலிருந்து அக்குழு சார்ந்த மக்கள் அனைவரின் விருப்பத்தையும் முடிவு செய்வது பொருந்துமா என்று ஐயுறுகிறார்' என்பது போல இருக்கும். 'மக்கள் இணைப்பை எதிர்த்தார்கள் என்று காட்டுகிறார்' என்ற விருப்பம் கட்டாயம் பக்கத்தில் நிற்கும். அது அவர் சொல்லாததை அவர் வாயில் ஏற்றுகிறது.

முதலாமவர் இதற்குப் பதில் சொல்ல நினைத்தால் என்ன சொல்வார் என்றும் எண்ணிப் பாருங்கள். "அந்த உறுப்பினர்கள் மக்கள் வாக்கால் வந்தவர்கள்; மக்கள் சார்பில் முடிவெடுக்கவே அனுப்பப்பட்டவர்கள்" என்பார். இந்தப் பதில் முடிவைத் திரும்பச் சொல்லவில்லை; எண்ணிக்கைக்கு மேலும் சான்று தேடவில்லை. அறுபட்ட இணைப்பை மீண்டும் கட்டுகிறது. மறுப்பு எங்கே விழுந்தது என்பதில் ஐயம் இருந்தால், அதற்கு முதலாமவர் சொல்லக்கூடிய நல்ல பதிலைக் கற்பனை செய்யுங்கள். அந்தப் பதில் எந்த இடத்தைச் செப்பனிடுகிறதோ, மறுப்பு விழுந்த இடமும் அதுவே.

ஏற்றுக் களையும் மறுப்பு: அரிசியா, பணமா

புதுச்சேரியில் இலவச அரிசியைப் பொருளாகத் தருவதா, அதற்கீடான பணத்தை வங்கிக் கணக்கில் போடுவதா என்ற விவாதம் சில ஆண்டுகள் அனலாக நடந்தது. அமைச்சரவை அரிசி என்றது. துணைநிலை ஆளுநர் பணம் என்றார். மத்திய அரசு பணத்தின் பக்கம் நின்றது. முதலமைச்சர் தரப்பு தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. 2024இல் ரேஷன் கடைகள் மீண்டும் திறந்து அரிசி வழங்கத் தொடங்கின. கிராமத்துத் தெருக்களில் எல்லோரும் பேசிய பொருள் இது என்பதால், பயிற்சிக்கு மிகவும் ஏற்றது.

முதலாமவர்: "அக்கா, பணமா குடுத்தா நமக்குப் புடிச்ச அரிசிய, புடிச்ச கடையில வாங்கிக்கலாம். அதனால அரிசியவிடப் பணந்தான் மேல்."

இரண்டாமவர்: "புடிச்ச அரிசிய வாங்கலாம், வாஸ்தவந்தான் தங்கச்சி. ஆனா கடையில வெல ஏறுனா அவங்க போடுற பணம் ஏறாது. அரிசியா குடுத்தா இருபது கிலோ எப்பவும் இருபது கிலோதான்."

இரண்டாமவர் முதலாமவரின் வாதத்தை எப்படி எதிர்கொள்கிறார்?
(அ) முதலாமவர் சொன்ன காரணம் உண்மையல்ல என்று காட்டுகிறார்.
(ஆ) காரணத்தை ஒப்புக்கொண்டு, முதலாமவர் கணக்கில் சேர்க்காத வேறொரு செய்தியை முன்வைக்கிறார்.
(இ) பணம் வந்தால் அது வேறு செலவுக்குப் போய்விடும் என்று வாதிடுகிறார்.
(ஈ) முதலாமவர் சொன்ன அதே காரணத்திலிருந்து எதிர்முடிவை வருவிக்கிறார்.

விடை (ஆ). 'வாஸ்தவந்தான்' என்ற சொல் (அ)வை உடனே நீக்கிவிடுகிறது. (ஈ)யில் பாதி உண்மை இருப்பதால் அது சற்று ஆபத்தானது. இரண்டாமவர் அரிசியின் பக்கம் சாய்கிறார் என்பது உண்மை. ஆனால் விலையேற்றம் என்ற புதிய செய்தியிலிருந்து சாய்கிறாரே தவிர, பிடித்ததை வாங்கலாம் என்ற பழைய காரணத்திலிருந்து சாயவில்லை. எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது (இ). பணம் வேறு செலவுக்குப் போய்விடும் என்ற பேச்சை இந்த விவாதத்தில் பலரும் கேட்டிருப்பீர்கள். கேட்டுப் பழகிய காரணத்தாலேயே அது விடை போலத் தோன்றும். இந்த உரையாடலில் அந்தச் சொல்லே இல்லை. உங்களுக்குத் தெரிந்த ஊர்ச் செய்தியை வினாவுக்குள் கொண்டுவராதீர்கள். நன்கு தெரிந்த பொருளில் வினா வரும்போது இந்தப் பொறியில் விழும் வாய்ப்பு கூடும். பணம், அரிசி என்ற விவாதத்தில் உங்களுக்கென்று ஒரு கட்சி இருந்தால், அது இன்னும் கூடும்.

வேறு விளக்கம் தரும் மறுப்பு: ஏரியும் கிணறும்

காரண காரிய வாதங்கள் தேர்வுகளில் அடிக்கடி வருகின்றன. பாகூர் ஏரி புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்கு நீர் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைத்த திட்டத்துக்குப் பின், ஏரியின் பயனை எப்படி அளப்பது என்ற பேச்சு உழவர்களிடையே இயல்பாக எழக்கூடியது. ஓர் உரையாடல் இப்படி அமையலாம். மூத்தவர்: "இந்த வருசம் ஏரி ரொம்புச்சு, ஏரிக்குக் கிட்ட இருக்குற கெணத்துலயெல்லாம் தண்ணி ஏறியிருக்கு. ஏரி ரொம்புனதாலதான் ஏறியிருக்கு தம்பி." இளையவர்: "சித்தப்பா, ஏரித் தண்ணி எட்டவே எட்டாத ஊர்க் கெணறும் அதே மாசம் ஏறியிருக்கே. பேஞ்ச மழையே ரெண்டையும் ரொப்பியிருக்கலாம் இல்ல?"

இளையவர் ஏரி நிரம்பியதையும் கிணறு ஏறியதையும் ஒப்புகிறார். இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்கிறார். அதற்கு ஏரிநீர் எட்டாத ஊரைச் சான்றாக வைக்கிறார். மணிமேகலை சொல்லும் முறையில் பார்த்தால், கிணறு ஏறியது என்ற ஏது ஏரிநீரே எட்டாத இடத்திலும் காணப்படுகிறது என்று காட்டி, ஏதுவுக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்துகிறார். அவர் வாயிலிருந்து வந்த 'ரொப்பியிருக்கலாம்' என்ற சொல்லின் அளவைக் கவனியுங்கள். 'மழையே காரணம் என்று நிறுவுகிறார்' என்ற விருப்பம் இந்த அளவை மீறுகிறது. 'ஏரியால் கிணறுகளுக்குப் பயனே இல்லை என்கிறார்' என்பது இன்னும் மீறுகிறது. 'அதே செய்திகளுக்கு வேறொரு விளக்கமும் பொருந்தும் என்று காட்டுகிறார்' என்பதே பேச்சின் அளவோடு நிற்கிறது. விருப்பங்களில் வரும் நிறுவுகிறார், பொய்யாக்குகிறார், ஐயுறுகிறார், சுட்டுகிறார் ஆகிய வினைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். மெலிந்த மறுப்புக்கு வலிய வினை பொருந்தாது. இரண்டு விருப்பங்கள் ஒரே இடத்தைச் சுட்டிக் குழப்பும்போது, பெரும்பாலும் வினைச்சொல்லின் வலுவே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

வாதத்தையே திருப்பும் மறுப்பு: உள்ளாட்சித் தேர்தல்

புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் கொம்யூன் பஞ்சாயத்துகள் ஆணையர்களின் பொறுப்புக்குத் திரும்பின. இதைப் பற்றி இருவர் பேசுகிறார்கள். முதலாமவர்: "தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லாத காலத்திலும் குழாயில் தண்ணீர் வந்தது, தெருவிளக்கு எரிந்தது. ஆகவே உள்ளாட்சித் தேர்தல் தேவையில்லை." இரண்டாமவர்: "2021இல் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சிதான் நடந்தது. அப்போதும் தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது. அப்படியானால் சட்டமன்றத் தேர்தலும் தேவையில்லை என்பீர்களா?"

இரண்டாமவர் சட்டமன்றத் தேர்தலை எதிர்க்கிறார் என்று அவசரத்தில் படித்துவிடக் கூடாது. எவரும் ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்தே அந்த முடிவை அவர் எடுத்து வைக்கிறார். முதலாமவரின் இணைப்பை அப்படியே கடன் வாங்கி, வேறோர் இடத்தில் பொருத்தி, அது கொண்டுபோய் விடும் ஒவ்வாத முடிவைக் காட்டுகிறார். பிறர் கருத்தை ஏற்றுக் களையும் முறையில் இது மிகக் கூர்மையானது. இந்த மறுப்பை அடையாளம் காண இரண்டு குறிகள் உண்டு. ஒன்று, இரண்டாமவர் பேசும் பொருள் திடீரென்று மாறும். மற்றது, மாறிய பொருளிலும் வாதத்தின் வடிவம் மாறாமல் இருக்கும். எனவே 'பொருத்தமற்ற செய்தியைக் கொண்டுவருகிறார்' என்ற விருப்பம் கவர்ச்சியாகத் தெரிந்தாலும் தவறு. சட்டமன்றத்தைப் பற்றிய செய்தி இங்கே வாதத்தின் வடிவத்தைச் சோதிப்பதற்காக வந்தது. இந்த உரையாடலில் தண்ணீரும் விளக்கும் மட்டுமே மக்களாட்சியின் அளவுகோலா என்ற கேள்வி எழுகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அது உங்கள் மறுப்பு, இரண்டாமவரின் மறுப்பன்று. தேர்வு கேட்பது அவருடையதை.

எழக்கூடிய தடைகள்

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் தடை நேரம். கிளாட் தேர்வில் இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். சராசரியாக ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். இதில் உட்கார்ந்து முடிவு, காரணம், இணைப்பு என்று பிரிக்க நேரமேது, விருப்பங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் நேரம் எங்கே செலவாகிறது என்று பார்க்க வேண்டும். உரையாடலைப் படிக்கச் சில நொடிகளே ஆகும். ஒன்றுபோலத் தோன்றும் நான்கு நீண்ட விருப்பங்களுக்கு இடையே முன்னும் பின்னும் அலைவதில்தான் நிமிடம் கரைகிறது. மறுப்பு தொட்ட இடத்தை ஒரு சொல்லில் மனத்தில் குறித்துக்கொண்டு விருப்பங்களுக்குப் போனால், இரண்டு விருப்பங்கள் படித்தவுடனே விழும். கழித்துக்கொண்டு வருவதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். இந்த ஒரு சொல்தான் அந்த அளவுகோல். தொடக்கத்தில் இது மெதுவாகவே வரும். பழகப் பழகப் படிக்கும்போதே இடம் தெரியத் தொடங்கும்.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. இணைப்பைத் தொட்டாலும் காரணத்தைத் தொட்டாலும் கடைசியில் விழுவது முடிவுதானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு என்று கேட்கலாம். விழுவது முடிவன்று, முடிவுக்குக் கொடுத்த முட்டு மட்டுமே விழுகிறது. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் பொல்லாக் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். ஒரு பொருள் சிவப்பாகத் தெரிகிறது. ஆகவே அது சிவப்பு என்கிறோம். அதன்மேல் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பிறகு தெரியவருகிறது. இதனால் பொருள் சிவப்பில்லை என்று ஆகிவிடாது. சிவப்பாகத் தெரிவதை இனி ஆதாரமாகக் கொள்ள முடியாது என்பது மட்டுமே தெரிகிறது. முடிவை எதிர்க்கும் மறுப்பும், ஆதாரத்தின் வலுவைக் களையும் மறுப்பும் இருவேறு செயல்கள் என்று அவர் பிரித்தார். கீழூர் உரையாடலில் நாம் கண்டதும் இதுவே. இரண்டாமவரின் பேச்சுக்குப் பிறகும் மக்கள் இணைப்பை விரும்பினார்கள் என்பது முழு உண்மையாக இருக்கலாம்; அதை நிறுவ இன்னொரு சான்று வேண்டும், அவ்வளவே. இந்த வேறுபாட்டை அறியாதவரிடம், ஆதாரம் போதாது என்று சொன்னாலே தன் கட்சிக்குப் பகைவன் என்ற எண்ணம் வந்துவிடும். தேர்வு இந்த இடத்தில் சோதிப்பது வெறும் சாமர்த்தியத்தை அன்று. நேர்மையாகக் கேட்கும் பழக்கத்தை.

மூன்றாவது தடை மொழி. கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தமிழ்வழியில் படித்த மாணவருக்குத் தமிழில் தருக்கம் பழகி என்ன பயன் என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. ஆங்கில வாசிப்புப் பயிற்சி தனியே வேண்டும். அதற்கு மாற்று கிடையாது. ஆனால் அந்நிய மொழியின் தடையையும் புதிய சிந்தனையின் தடையையும் ஒரே நேரத்தில் தாண்டச் சொல்வது மாணவருக்கு இரட்டைச் சுமை. வாதத்தின் உறுப்புகள் மொழிக்கு மொழி மாறுவதில்லை. ஏரியையும் ரேஷன் கடையையும் பற்றித் தாய்மொழியில் இடம் காணப் பழகிய மனம், ஆங்கிலப் பத்தியில் அதே வடிவத்தைக் காணும்போது சொற்களோடு மட்டும் போராடினால் போதும். எஸ்.எஸ்.சி. நடத்தும் எம்.டி.எஸ். போன்ற தேர்வுகளைத் தமிழிலேயே எழுதும் வாய்ப்பும் இன்று உண்டு. ஆகவே தமிழில் பழகுவது வீண் என்ற வாதம் இரண்டு வகையிலும் நிற்காது.

பழைய நூல்களின் பாகுபாடு புதிய தேர்வுக்கு எப்படிப் பொருந்தும் என்ற ஐயத்துக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். எடுத்துக்காட்டின் பொருத்தத்தை மறுப்பது, ஒரு சொல் இரு பொருளில் வந்ததைச் சுட்டுவது, சிறு மாதிரியிலிருந்து பெரிய முடிவுக்குப் போனதைக் கடிவது, வாதத்தை விட்டுப் பேசியவரையே தாக்குவது என்று தேர்வுகளில் வகைகள் பல வரும். பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்த வகையானாலும் முடிவு, காரணம், இணைப்பு என்ற மூன்றில் ஒன்றையே தொடும். இல்லையேல் பேசியவரைத் தாக்கும் மறுப்பைப் போல மூன்றையும் தொடாமல் விலகிப் போகும். தொடாமல் போவதும் ஒரு விடைதான். இடத்தை முதலில் காணுங்கள். பெயர் எதுவானாலும் விருப்பத்தில் இருப்பதைக் கண்டு தேர்ந்துகொள்ளலாம்.

பயிற்சி முறை

பயிற்சிக்கு விலைகொடுத்து வாங்கிய வினாத்தொகுப்பு மட்டும் போதாது. நாளிதழில் வரும் தலையங்கத்தையும் அதற்கு மறுநாள் வரும் வாசகர் கடிதத்தையும் இணைத்து வாசியுங்கள். புதுச்சேரிக்கு மாநிலத் தகுதி வேண்டுமா, ஏரிக்கரையில் கட்டடம் வரலாமா என்று நடக்கும் எந்த விவாதமும் பாடமாகும். முதலாமவரின் முடிவை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்கு அவர் தந்த காரணத்தை அடுத்த வரியில் எழுதுங்கள். அவர் சொல்லாமல் விட்ட இணைப்பை மூன்றாம் வரியில் நீங்களே எழுதுங்கள். கடினமான பகுதி இதுதான், பயனுள்ள பகுதியும் இதுதான். பிறகு இரண்டாமவரின் பேச்சிலிருந்து ஊர், பொருள், ஆள் பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, அவர் செய்த செயலை மட்டும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். தேர்வின் விருப்பங்கள் இந்தப் பொதுமொழியில்தான் வரும். அந்த மொழியில் நீங்களே எழுதிப் பழகினால் அது அச்சுறுத்தாது. கடைசியாக, முதலாமவர் சொல்லக்கூடிய நல்ல பதிலை எழுதி, நீங்கள் குறித்த இடம் சரியா என்று சோதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் வாதத்தை வாரத்தில் ஒரு முறையாவது இப்படிப் பிரித்துப் பாருங்கள். பிடித்த கட்சியின் மறுப்பை நாம் பெரிதாக்கியும் பிடிக்காத கட்சியின் மறுப்பைச் சிறிதாக்கியும் படிக்கிறோம் என்பது அப்போது தெளிவாகும்.

மதிப்பெண் இதன் முதல் பயன். இரண்டாவது பயன் தேர்வு முடிந்த பிறகும் நிற்கும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனுவோடு நிற்கும்போதும், ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசும்போதும், எதிரில் இருப்பவர் உண்மையில் எதை மறுக்கிறார் என்று அறிந்து அந்த இடத்துக்கு மட்டும் பதில் சொல்லத் தெரிந்தவரின் பேச்சு எடுபடும். ஆகவே மாணவர்களே, விருப்பங்களைப் பார்க்கும் முன் ஒவ்வொரு உரையாடலிலும் இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: மறுப்பு எந்த இடத்தைத் தொடுகிறது? அதற்கு உங்கள் சொந்தச் சொல்லில் விடை கிடைத்த பிறகே அ, ஆ, இ, ஈ என்ற எழுத்துகளுக்குப் போங்கள்.